சாவியைத் திருப்பினால் டிக், அப்புறம் டக டக டக: புல்வெட்டி வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

3 நவம்பர் 2024, காலை

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. 17 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், பெட்ரோல். சாவியைத் திருப்பினால் 'டிக்'. விடாமல் பிடித்தால் பல்லி கத்துகிற மாதிரி 'டக டக டக'. இன்ஜின் அசையவே இல்லை. பேட்டரி நேற்றுத்தான் வாங்கியது, மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆகவே செல்ப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) போய்விட்டது என்பது என் முடிவு. மதுரை, தூத்துக்குடி பக்கம் இதற்குச் செல்ப் கிடைக்குமா? இல்லை, காயில் கட்டித் தருகிற ஆள் யாராவது?

இடம் உச்சிப்புளியிலிருந்து பிரப்பன்வலசை போகிற வழி. மச்சான் சவுதியில் சம்பாதித்துக் கட்டிய தங்கும் விடுதி, பார்த்துக்கொள்வது நான். ஒன்றரை ஏக்கர் புல், நடுவே தென்னை. கோயம்புத்தூரில் பழைய வண்டியாக வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பினார். மார்ச்சில் கடைசியாக ஓட்டினேன், அதற்குப் பிறகு ஓலைக் கொட்டகையில் நின்றது. கோடையில் இங்கே புல் எங்கே வளர்கிறது? இப்போது மழை தொடங்கி, கணுக்காலைத் தாண்டிவிட்டது.

3 நவம்பர், இரவு

காலையில் எழுதியதைப் படித்த தொண்டிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "12.6 என்பது வண்டி சும்மா நிற்கும்போதா, சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதா?"

சும்மா நிற்கும்போதுதான். திருப்பிப் பிடித்து அளக்க இரண்டு ஆள் வேண்டும், மகள் பள்ளிக்கூடம் விட்டு வரட்டும்.

ஆடு விட்டு மேய்க்கச் சொன்னவருக்கு: மேய்த்தோம். அது புல்லை விட்டுவிட்டுச் செம்பருத்தியைத் தின்றது.

5 நவம்பர் 2024

மகள் சாவியைப் பிடித்தாள், நான் மீட்டரைப் பிடித்தேன். பேட்டரியின் இரண்டு கம்பத்திலும் வைத்துப் பார்த்தால் 12.6 இருந்தது 12.4 ஆகிறது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

நான் இதைப் பார்த்து "ஆகா, பேட்டரி அருமை" என்று சந்தோஷப்பட்டேன். தொண்டிக்காரர் சொல்வது வேறு. செல்ப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நல்ல பேட்டரியே அந்த நேரத்தில் பத்து, பத்தரைக்கு இறங்கிவிடும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி சரியில்லை என்று அர்த்தம். இங்கே இறங்கவே இல்லை என்றால் பேட்டரியிடம் யாரும் கேட்கவே இல்லை என்று அர்த்தம். சோறு வெந்து தயாராக இருக்கிறது, பந்தி வரைக்கும் வந்து சேரவில்லை.

அப்படியானால் பழைய பேட்டரியும் நன்றாகத்தான் இருந்திருக்கும். 'டக டக' சத்தம் கேட்டதும் பேட்டரி டவுன் என்று நானே முடிவு கட்டி, மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதியது வாங்கினேன். பழையதை எடைக்குப் போட்டாயிற்று. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

6 நவம்பர் 2024

ஒரு நாள் முழுக்க சீட் சுவிட்சில் போயிற்று. ஏர்வாடி நண்பர் ஒருவர் உறுதியாகச் சொன்னார்: ஆள் உட்கார்ந்தால்தான் வண்டி எடுக்கும், சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்ச் துருப்பிடித்திருக்கும், இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடு. முறுக்கினேன். அதே டக டக டக.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன் (சீட்டில் இல்லை, கொட்டகை வாசலில்). சாவியில் கிளம்பும் மின்சாரம் முதலில் பிரேக் மிதியின் சுவிட்சுக்குப் போகிறது, பிறகு பிளேடு சுவிட்சுக்கு (பிளேடை ஓட்ட மேலே இழுப்பது), அதன் பிறகு சொலினாய்டுக்கு ('டிக்' என்று மூடி பேட்டரியைச் செல்போடு இணைக்கிற பெரிய சுவிட்ச்). வழியில் எதில் இணைப்பு விட்டிருந்தாலும் சொலினாய்டு வாயே திறக்காது, முழு அமைதி. எனக்கு 'டிக்' கேட்கிறது. அந்தச் சத்தம் வந்தாலே பாதுகாப்பு சுவிட்சுகளைத் தாண்டிவிட்டோம்.

சீட் சுவிட்ச் என் வண்டியில் இந்த வரிசையிலேயே இல்லை. அது பிளக்குக்குப் போகிற பொறியை அணைக்கிற சுவிட்ச். பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தால் இன்ஜினை நிறுத்துவதுதான் அதன் வேலை. செல்ப் எடுக்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேறு வண்டிகளில் வேறு மாதிரி இருக்கலாம், ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

7 நவம்பர் 2024

திருப்புளி வேலை. சொலினாய்டில் இரண்டு பெரிய போல்ட், இரண்டு சின்ன முனை. பெரிய போல்ட் இரண்டையும் திருப்புளியால் குறுக்கே தொட்டால் சொலினாய்டைத் தாண்டி மின்சாரம் நேரே செல்புக்குப் போகும். தொட்டேன். தீக்குச்சி உரசின அளவுக்கு ஒரு சின்னப் பொறி. செல்ப் அசையவில்லை.

ஆகவே செல்ப் செத்துவிட்டது. மூன்றாம் தேதி நான் சொன்னதுதான் சரி. நாளை கழற்றுகிறேன்.

(இதைச் செய்கிறவர்கள் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இந்த வழியில் பிரேக் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எதையும் கேட்காமல் இன்ஜின் எடுக்கும். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலே ஏறிவிடும்.)

8 நவம்பர் 2024

நேற்று எழுதியது தப்பு.

செல்பைக் கழற்றித் தரையில் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஜம்பர் ஒயர் இரண்டு கொடுத்தேன். பம்பரம் மாதிரி சுற்றியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலைப் பிடுங்கியிருக்கும். பல் சக்கரமும் சரியாக மேலே ஏறி இறங்குகிறது.

பேட்டரி நல்லது. செல்ப் நல்லது. சொலினாய்டு சத்தம் போடுகிறது. வண்டி மட்டும் ஓடாது. சொலினாய்டுக்குள் காண்டாக்ட் கருகியிருக்கும் என்கிறார்கள். ஆனால் நேற்று திருப்புளியால் அதைத் தாண்டியும்தானே பார்த்தேன்?

9 நவம்பர் 2024

தீர்ந்தது. என் மூளையால் இல்லை.

மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற அண்ணன் ஒருவர், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு உச்சிப்புளி வந்தவர், வெள்ளை வேட்டியோடு கொட்டகைக்குள் வந்தார். நான் கதை முழுக்கச் சொன்னேன்: பேட்டரி மாற்றியது, சீட் சுவிட்ச், திருப்புளி, செல்பைக் கழற்றி மாட்டியது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, எல்லாத்தையும் பாத்த, எர்த்த பாத்தியா?" என்றார்.

"பார்த்தேண்ணே. போல்ட் இறுக்கமா இருக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சும் விட்டேன்."

"போல்ட்டு இறுக்கமாத்தான் இருக்கும். அந்த ஜம்பர் ஒயர்ல ஒண்ண எடு."

ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டினார். மறுமுனையை இன்ஜின் உடம்பில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கடிக்க விட்டார். "இப்பத் திருப்பு."

இன்ஜின் சுற்றியது. எட்டு மாதம் கழித்து. பக்கத்துத் தோப்பு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

எர்த் என்பது பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, போகிற கறுப்பு ஒயர். வெளியே பார்த்தால் குறையே இல்லை. அண்ணன் அதைக் காதருகே வைத்து வளைத்தார், உள்ளே கரகர என்றது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. பிளேடால் ரப்பரைக் கீறினால், செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் களிம்பு. விரலில் தேய்த்தால் மாவு. லக்கிலிருந்து (ஒயர் முனையில் அமுக்கியிருக்கிற, போல்ட்டில் மாட்டும் வளையம்) முக்கால் சாண் தூரம் வரைக்கும் அப்படியே. நான் எண்ணிப் பார்த்தேன், உயிரோடு இருந்தது ஏழு இழை.

9 நவம்பர், இரவு

ஏழு இழை ஏன் இத்தனை நாள் என்னை ஏமாற்றியது என்று இப்போது புரிகிறது. சொலினாய்டின் காயிலுக்குச் சில ஆம்பியர் போதும், அதை ஏழு இழை சுமந்துவிடும். ஆகவே 'டிக்'. டிக் ஆனதும் செல்ப் நூறு ஆம்பியர் கேட்கும். ஏழு இழையால் தாங்க முடியாது, வோல்ட் முழுக்க அந்த ஒயரிலேயே செத்துப்போகும், காயிலுக்கும் கிடைக்காது, சொலினாய்டு விட்டுவிடும். விட்டதும் வோல்ட் திரும்ப வரும், திரும்பப் பிடிக்கும். டக டக டக. பேட்டரி டவுன் ஆனாலும் இதே சத்தம்தான் வரும், நான் விழுந்தது அங்கேதான்.

திருப்புளியால் தொட்டபோது பெரிய பொறி வராமல் தீக்குச்சிப் பொறி வந்ததே, அதிலேயே விடை இருந்தது. ஜம்பர் ஒயர் போட்டதும் செல்ப் சுற்றியதே, அதிலும் இருந்தது. வண்டியின் ஒயரில் ஓடவில்லை, வேறு ஒயரில் ஓடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ஒயரையல்லவா? எட்டாம் தேதியே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் உடம்பில், பிறகு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் பரவாயில்லை. பழைய ஒயரைத் திரும்ப மாட்டி அளந்து பார்த்தேன், எனக்கு எண் எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே பேயாட்டம் ஆடியது. பிளஸ் பக்கத்துக்கும் இதே முறைதான்: பேட்டரி பிளஸிலிருந்து செல்ப் மோட்டாரின் போல்ட் வரை.

12 நவம்பர் 2024

கோவைக்காரர் ஒருவர் கேட்கிறார்: வண்டி வாங்கி இரண்டு வருடம்தானே, செம்பு அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அங்கே போகாது. இங்கே இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று அடித்தால் மன்னார் வளைகுடா உப்பு, வாடைக் காற்று அடித்தால் பாக் விரிகுடா உப்பு. மண்டபம் முகாமில் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிப்புச் சோதனைக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து எத்தனை நாளில் கெடுகிறது என்று பார்ப்பார்கள். இரும்பைச் சாகடித்துப் பார்க்க இந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறார்கள், நான் கோயம்புத்தூர் வண்டியை ஓலைக் கொட்டகையில் விட்டு வைத்திருக்கிறேன்.

உப்பு தானாகவே காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். லக் அமுக்கியிருக்கிற வாயில் அந்த ஈரம் நுழைந்தால், இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போகும். ரப்பர் வெளியிலிருந்து காக்கிறது, உள்ளே போனதை வெளியே விடுவதும் இல்லை. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல்ட்டின் முகத்தை மட்டும்.

அண்ணன் சொன்னபடி படகுக்குப் போடுகிற ஒயர் வாங்கினேன். செம்பு இழை ஒவ்வொன்றிலும் வெள்ளீயம் பூசியிருக்கும், வெட்டிப் பார்த்தால் வெள்ளி நிறம். விலை கூடத்தான். லக்கை அமுக்கிய பிறகு, சூடு காட்டினால் சுருங்கும் குழாய், உள்ளே பசை உள்ள வகை, வாயை மூடுகிற மாதிரி. போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின். பிளஸ் ஒயரையும் சேர்த்தே மாற்றிவிட்டேன், அதன் வாயிலும் பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது.

இப்போது இன்ஜின் ஜம்மென்று சுற்றுகிறது. ஸ்டார்ட் ஆகவில்லை.

14 நவம்பர் 2024

சிரிக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றினேன், எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. நனைந்திருந்தால் பொறி இல்லை என்று பொருள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. உறுதி செய்ய, பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் விட்டு மாட்டித் திருப்பினேன். இரண்டு விநாடி உறுமிவிட்டு அடங்கியது. பொறி இருக்கிறது. குற்றவாளி கார்புரேட்டர்.

மார்ச் மாதப் பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டது என் தவறு. டப்பாவில் வடித்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் வாசனை. இப்போதெல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரளவுக்கு மேல் ஆனால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், அதைச் சுற்றிப் பிசின்.

கிண்ணத்துக்கு அடியில் ஒரு ஒயர் போகிற உருளை இருக்கும், பலர் அதைப் பார்ப்பதில்லை. சாவியை ஆன் செய்ததும் அது ஒரு முறை 'டிக்' என்று ஊசியை உள்ளிழுத்து ஜெட்டுக்கு (பெட்ரோல் போகிற நுண்துளை) வழி விட வேண்டும். அணைத்தால் ஊசி வந்து அடைத்துக்கொள்ளும். என்னுடையது சத்தம் போட்டது, ஆனால் பிசினில் ஊசி பாதியில் நின்றது. கழுவியதும் சரி.

மெயின் ஜெட் ஓட்டை முழுக்க அடைப்பு. ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகிவிடும். மெல்லிய செம்பு இழை வேண்டும். வீட்டில் தேடினேன். அப்புறம் ஞாபகம் வந்தது, குப்பையில் போட்ட எர்த் ஒயர். பிழைத்திருந்த ஏழில் ஒன்றை உருவி எடுத்தேன். கச்சிதமாக நுழைந்தது.

14 நவம்பர், மாலை

ஓடுகிறது!

கால் ஏக்கர் வெட்டுவதற்குள் இருட்டிவிட்டது. மிச்சத்தை வாரக்கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

21 நவம்பர் 2024

மிச்சம் தண்ணீருக்குள் இருக்கிறது. நேற்று பெய்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள், ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். இங்கே அவ்வளவு இல்லை என்றாலும் கொட்டகைக்குள் முழங்கால் வரை நின்றது. முதல் நாள் சாயங்காலமே வானம் சரியில்லை என்று வண்டியை நான்கு ஹாலோ பிளாக் கல் மேல் ஏற்றியிருந்தேன். டெக் (பிளேடை மூடியிருக்கிற அடித்தட்டு) நனைந்தது, கார்புரேட்டர் நனையவில்லை. கரண்ட் இல்லை, செல்லில் சார்ஜ் இல்லை, பிறகு எழுதுகிறேன்.

8 டிசம்பர் 2024

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இதைப் படித்துவிட்டு யாராவது செய்துவிடக் கூடாது என்பதற்காக.

நவம்பர் ஆறாம் தேதி சீட் சுவிட்ச் ஒயர் இரண்டையும் முறுக்கினேன் என்று எழுதினேன் அல்லவா? பிரித்துவிட மறந்துவிட்டேன். நேற்று புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது வழியில் ஒரு தென்னம்பாளை கிடந்தது. இறங்கினால் தானே இன்ஜின் நிற்கும் என்ற பழக்கத்தில் இறங்கிக் குனிந்து அதை இழுத்தேன். இன்ஜின் நிற்கவில்லை. பிளேடு சுற்றுகிறது. பாளையின் நுனி டெக்குக்குள் போய், கையிலிருந்து பறித்துக்கொண்டு, மறுபக்கம் சிராய் சிராயாகத் தெறித்தது. நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கைக்கு ஒன்றுமில்லை. வண்டியை அணைத்துவிட்டு முதல் வேலையாக அந்த முறுக்கைப் பிரித்தேன். சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் அது துருப்பிடிக்கவே இல்லை, முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சோதனைக்காக எதையாவது முறுக்குகிறவர்கள் சாவியிலேயே ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்துக்கொள்ளுங்கள், பிரிக்கும்வரை அவிழ்க்காதீர்கள். ஏர்வாடி நண்பர் மேல் கோபமில்லை, முறுக்கிய கை என்னுடையது.

19 ஜனவரி 2025

கீழக்கரையிலிருந்து ஒருவர்: அவருடைய வண்டியில் டிக் டக் எதுவும் இல்லை. செல்ப் இன்ஜினைப் பாதிச் சுற்று சுற்றிவிட்டு, சுவரில் முட்டின மாதிரி நின்றுவிடுகிறதாம். பிளக்கைக் கழற்றினால் தாராளமாகச் சுற்றுகிறதாம். மேலே நான் எழுதியதைப் படித்து எர்த் ஒயரை மாற்றிவிட்டார், பலனில்லை.

இது வேறு நோய். பிளக் இல்லாமல் சுற்றுகிறது என்றால் தடுப்பது கம்ப்ரெஷன், சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம். இந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வால்வை இம்மியளவு தூக்கி அழுத்தத்தைக் குறைக்கிற ஏற்பாடு, வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டில் உண்டு. வால்வு இடைவெளி தேய்ந்து அதிகமாகிவிட்டால் அந்த இம்மித் தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேராது, முழு அழுத்தத்தையும் செல்ப் தள்ள வேண்டியிருக்கும். இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்கில்தான் இருக்க வேண்டும். சரியான எண் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அந்தந்தக் கையேட்டைப் பாருங்கள். பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் அரை மணி நேர வேலை.

நவம்பர் மூன்றாம் தேதி நான் எழுதிய முதல் குறிப்பை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. "ஆகவே" என்று என்ன உறுதி!

26 ஜனவரி 2025

கீழக்கரைக்காரருடையது வால்வுதானாம். ஓடுகிறது. அவர் பேட்டரியும் மாற்றியிருக்கிறார் என்று இப்போதுதான் சொல்கிறார்.

8 ஏப்ரல் 2025

ஞாயிற்றுக்கிழமை ராமநவமியன்று பாம்பன் புதுப் பாலம் திறந்தார்கள். விடுதி முழுக்க ஆள். பழைய பாலம் 1914-இல் திறந்தது, அந்த இரும்பை உப்பு தின்னாமல் வைக்கப் பெயின்ட் அடித்து அடித்து ஆள் ஓய்ந்தார்கள். புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, போல்ட் குறைத்து முழுக்க வெல்டிங், பாலிசிலாக்சேன் என்று ஏதோ பூச்சு. தங்க வந்திருந்த ஒரு ரயில்வேக்காரர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப் போய் வெள்ளீயம் பூசிய என் எர்த் ஒயரைக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்தார்.

அது இருக்கட்டும். விருந்தாளிகள் இருக்கிறார்கள், புல்லை வெட்டு என்று மச்சான் சொன்னார், இன்று காலை சாவியைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. டிக் கூட இல்லை. எர்த்தைப் பார்த்தேன், சுத்தம். பேட்டரி 12.7. பியூஸ் நன்றாக இருக்கிறது. சொலினாய்டைக் கழற்றலாம் என்று ஸ்பேனரை எடுத்துவிட்டேன். மச்சான் பக்கத்தில் நின்று புதுப் பேட்டரி எப்போது வாங்கினது என்று கேட்கிறார்.

மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, பிளேடு சுவிட்ச் மேல இழுத்தே இருக்கு" என்றாள்.